சுற்றமும் நட்பும் சூழ ஒரு வேலை விண்ணப்பம்

போன வாரம் என் கடைக்கு ஒரு பிள்ளை வேலை கேட்டு வந்தது. பண்டாரவளையில் என் அச்சுக்கடை எதுவென்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். மூன்று மாடி, கண்ணாடிக் கதவு, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கட்டியது. அந்தப் பிள்ளையின் கையில் ஒரு காகிதம் கூட இல்லை. கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அங்கிள், என் டிசைன் எல்லாம் இதுல இருக்கு" என்றது. விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் வழுக்கிக்கொண்டு போயின. அந்த நேரம் பார்த்து உள்ளே லெமினேட் மெஷினில் ஒரு தாள் சிக்கிக் கருகியது. பிளாஸ்டிக் சூட்டில் உருகும் அந்த வாடை எனக்கு மல்லிகைப்பூ மாதிரி. பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டது. நான் நினைப்பில் பழைய பதுளைக்குப் போய்விட்டேன்.

பதுளைக் கடைவீதியில் ஹாஜியாரின் அச்சகம் இருந்தது. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டிலிருந்து, அம்மா விடியற்காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, கிளம்பும் போதே நானும் கிளம்பி பஸ் ஏறுவேன். முதலில் ஈய எழுத்துகளை மண்ணெண்ணெயில் கழுவும் வேலை, பிறகு கோர்க்கும் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் ஹாஜியார் கொழும்பிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டு வந்தார். அதற்குத் தனி அறை, திரைச்சீலை, காலில் செருப்போடு போகக் கூடாது. மற்றவர்கள் கிட்டப் போகவே பயந்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. தட்டித் தட்டி நானே படித்தேன்.

அப்புறம் என்ன, பதுளையிலிருந்து பெரகல வரைக்கும் என் கை படாத கல்யாணக் கார்டு கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். ரோசாப்பூ, குத்துவிளக்கு, மேலே பிள்ளையார், நடுவில் மாப்பிள்ளை பெண் பெயர்கள் கொடி மாதிரி பின்னிக்கொண்டு போகும். கார்டு வேகமாகப் போட ஒரு வழி இருந்தது. பழைய கார்டு ஒன்றைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிவிடுவேன். ஒருமுறை பெரகலயில் ஒரு தம்பிக்கு அண்ணனுடைய கார்டைத் திறந்து, பெண்ணின் பெயரை மாற்றிவிட்டு மாப்பிள்ளையின் பெயரை மறந்துவிட்டேன். அண்ணிக்காரி அச்சகத்துக்கே வந்துவிட்டாள். அவள் பேசியதை இங்கே எழுத முடியாது.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விளம்பரம் பார்த்தேன். கொழும்பில் விளம்பரம் தயாரிக்கும் கம்பெனி, தமிழ் டிசைனர் தேவை, இன்டர்நெட்டில் போர்ட்ஃபோலியோ இருக்க வேண்டும். எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. எத்தனை நாளைக்கு ரோசாப்பூவையே போட்டுக்கொண்டிருப்பது? பெரிய சோப்பு, பெரிய பிஸ்கட்டு, ரோட்டோரத்தில் வீடு உயரத்துக்கு நிற்கும் பலகைகள், அதெல்லாம் யாரோ ஒருவன் செய்வதுதானே? ஆனால் ஹாஜியாருக்குத் தெரியக் கூடாது. கொழும்பு வேலை கிடைக்காமல் போய், இதுவும் போனால், அம்மாவின் கொழுந்துச் சம்பளத்தில் நானும் உட்கார்ந்து தின்ன வேண்டியதுதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிவநேசன் இன்டர்நெட் கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரின் மகன், அப்பா மாற்றலாகி வந்து பதுளையிலேயே தங்கிவிட்டார்கள். அவரிடம் போய் "போட்டோ போலியோ" வேண்டும் என்றேன். சொட்டு மருந்து ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். உங்கள் வேலைகளை எல்லாம் ஒரு பக்கத்தில் அடுக்கி வைக்க வேண்டும், முதலாளிமார் அங்கே வந்து பார்ப்பார்கள், இலவசமாகவே இடம் தருகிறார்கள் என்றார்.

அங்கே வந்து பார்ப்பார்கள் என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். வருகிறவர்களை முறையாக அழைக்க வேண்டாமா? எனக்குத் தெரிந்த அழைப்பு ஒன்றுதான். ஒரு பழைய கல்யாணக் கார்டைத் திறந்தேன். "அன்புடையீர்" என்று தொடங்கி, "எனது கைவேலைகளைக் கண்டுகளிக்கத் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து சிறப்பிக்குமாறு" என்று மாற்றினேன். மாப்பிள்ளை இடத்தில் என் பெயர். பெண் இடத்தில் கம்பெனிப் பெயரைப் போடலாமா என்று கூட யோசித்தேன், நல்ல காலம் விட்டுவிட்டேன். கீழே கார்டுகள், திருவிழா நோட்டீஸ்கள், ஒரு தேயிலைப் பக்கற்றின் லேபல். முழுவதையும் ஒரே படமாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சிவநேசன் தலையில் கை வைத்தார். "ஐசே, இவ்வளவு பெரிய படம் திறக்கிறதுக்குள்ள அவை பென்சன் எடுத்திடுவினம்."

"நல்ல சாமான்னா காத்திருந்து பாப்பாங்க சார்" என்றேன்.

பக்கத்தை ஏற்றி, முகவரியைக் கம்பெனிக்கு ஈமெயிலும் போட்டுக் கொடுத்தார். பத்துப் பதினைந்து நாள் போனது. ஒரு மத்தியானம் ஹாஜியார் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். முகம் நிறையச் சிரிப்பு.

"என்ன தம்பி, நமக்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லயே? கொழும்பில இருந்து ஒரு பொம்புள பேசினாங்க. ஒங்களப் பத்தி விசாரிச்சாங்க. புதன்கெழம நேர்ல பாக்கணுமாம்."

பேசியது அந்தக் கம்பெனிதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஹாஜியாரோ கல்யாண விசாரணை என்றே முடிவு கட்டியிருந்தார். என்ன சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

"உள்ளதச் சொன்னேன். தண்ணி இல்ல, சிகரட் இல்ல, தாய வச்சிப் பாக்கிற தங்கமான புள்ள, ஒங்க வீட்டுப் பொண்ணுக்கு ஒரு கஷ்டமும் வராதுன்டு."

அச்சகத்து நம்பர் அவர்களுக்கு எப்படிப் போனது? சாப்பாட்டைப் போட்டுவிட்டு சிவநேசன் கடைக்கு ஓடினேன். பக்கத்தைத் திறந்தால் அது மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்குகிறது. பிள்ளையார் வந்தார். அன்புடையீர் வந்தது. ரோசாப்பூ பாதி வந்து நின்றது. என் உயிர் போய்ப் போய் வந்தது. கடைசியாக அடிமூலையில் பொடி எழுத்தில் இறங்கியது: ஹாஜியாரின் அச்சகத்துப் பெயரும் தொலைபேசி எண்ணும். எல்லாக் கார்டிலும் இருக்கும் வரி. பழைய கார்டை மாற்றியவன் அதை மாற்ற மறந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஹாஜியார் லீவும் கொடுத்து, "வெறுங்கையாப் போகாதீங்க" என்று ஒரு சிறிய அத்தர்ப் போத்தலும் கொடுத்தார். அதைச் சட்டையில் தடவிக்கொண்டு ரயில் ஏறினேன். வழி முழுக்க வாசனை, வழி முழுக்கப் பயம்.

கம்பெனியில் ஒரு அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். கொழும்புத் தமிழ். சான்றிதழ் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் பக்கத்தை இப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார். எங்கள் பக்கம் ஆளை வரச்சொன்னால் இப்படித்தான் சொல்லுவோம் என்றேன்.

அவர் சிரித்தார். "நிறையப் பேர் அனுப்பியிருந்தாங்க. எல்லாம் கறுப்புப் பின்னணி, இங்கிலீஷ். எங்களைக் குடும்பத்தோட கூப்பிட்ட ஒரே ஆள் நீங்கதான்." பிறகு, "உங்க முதலாளி எங்க வீட்டுப் பொண்ணைப் பத்திக் கவலைப்படாதீங்கன்னார். அதைக் கேட்டப்புறம்தான் கட்டாயம் கூப்பிடணும்னு நினைச்சோம்" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. திரும்பி வந்து ஹாஜியாரின் மேசை முன்னால் நின்றதுதான் கொழும்பை விடக் கஷ்டம். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப பொண்ணு இல்லயா?"

"இல்லீங்க ஹாஜியார்."

"நமக்கு நல்லதொரு கார்டு ஓடர் போச்சி." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "வேலைக்கின்டு தெரிஞ்சீந்தா இன்னும் நல்லாச் சொல்லீப்பேனே தம்பி."

திருவிழா நோட்டீஸ்களை முடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். முடித்தேன். கொழும்பில் எட்டு வருடம், வீடு உயரப் பலகைகள் எல்லாம் செய்தேன். ஒன்றிரண்டு உங்கள் ஊர் வழியிலும் நின்றிருக்கும். அப்புறம் சொந்தக் கடை, மூன்று மாடி, அதைத்தான் ஏற்கனவே சொல்லிவிட்டேனே.

அந்தப் பிள்ளை போன பிறகு கடைப் பையனிடம் என் பழைய பக்கத்தைத் தேடச் சொன்னேன். இலவசமாக இடம் தந்த கம்பெனியே எப்போதோ இழுத்து மூடிவிட்டதாம். பிள்ளையாரும் இல்லை, ரோசாப்பூவும் இல்லை. அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. ஹாஜியார் மௌத்தாகி அடக்கமாகியும் வருடங்கள் ஆகிவிட்டன. என் வேலைகளைப் பார்க்க இன்று ஆயிரம் வழி இருக்கிறது, நல்ல நல்ல படங்கள், கண்ணைப் பறிக்கும். என்னைப் பற்றி விசாரிக்க யாராவது போன் போட்டால், கேட்காததையும் சேர்த்துச் சொல்ல அந்தப் பக்கம் ஆள் இல்லை.