கலியன் மனைவி அஞ்சலையைத் தேடிய எங்கள் அம்மா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. அம்மாவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொன்னபோது முதலில் மறுத்தேன். தையல் கடை வைத்துப் பிழைக்கிற எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அம்மா தம் கடைசிக் காலத்தில் எதற்காக அரியலூருக்கும் திருமானூருக்கும் அலைந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. வயதான காலத்தில் இவருக்கு ஏன் இந்த ஆபீஸ் பைத்தியம் என்று சிலர் பேசியது அம்மாவின் காதிலும் விழுந்தது. அவர் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. அவருக்காக நான் சொல்கிறேன்.

அம்மா வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அவருடைய அப்பா, அதாவது எங்கள் தாத்தா, அங்கே ஒரு பெரிய வீட்டில் பண்ணையாளாக இருந்தவர். அம்மா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வெங்காயக் காட்டுக்குக் களையெடுக்கப் போனார். பெரம்பலூரில் லாரிகளுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த எங்கள் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். தம்பி பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதிலேயே அப்பா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார்.

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாளே, நல்லது நினைத்த ஓர் உறவினர் ஒரு யோசனை சொன்னார். தம்பியை ஒரு பண்ணையில் ஆடு மேய்க்க விட்டால் சோறு போட்டுத் துணி எடுத்துக் கொடுப்பார்களாம். அம்மா அவருக்குச் சொன்ன பதில் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

"எங்கப்பாவ அவங்கம்மா விட்டுட்டுப் போன மாதிரி எம்புள்ளைய நான் விட மாட்டேங்க. மூணு பேரும் பட்டினி கெடந்தாலும் ஒரே வூட்லதான் கெடப்போம்."

தாத்தாவின் கதை அப்படி. திருமானூரை ஒட்டிய கொள்ளிடக்கரைப் பக்கம் பிறந்தவர் அவர். அவருடைய அப்பா கலியன் பாம்பு கடித்து இறந்துவிட, அடுத்து வந்த பெருவெள்ளத்தில் இருந்த குடிசையும் போய்விட்டது. கைம்பெண்ணான தாயார் பையனை இடுப்பிலும் தோளிலுமாகச் சுமந்து மேற்கே வந்து, அந்தப் பெரிய வீட்டில் மாடு மேய்க்க விட்டார். தை அறுவடைக்கு ஆற்றங்கரைக்குப் போய் நெல் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. வேறு ஆள் தேடிக்கொண்டு போய்விட்டாள் என்று அந்த வீட்டில் பேசியதைக் கேட்டே தாத்தா வளர்ந்தார். அந்தக் கோபம் முதுமை வரை அவரை விட்டுப் போகவில்லை. தாயைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். அம்மாவும் அந்தக் கோபத்தோடுதான் வளர்ந்தார்.

அப்பாவுக்குப் பிறகு அம்மா இட்லிக் கடை போட்டு எங்களை வளர்த்தார். பெரம்பலூர் தனி மாவட்டமான பிறகு ஆபீஸ்களும் ஆட்களும் பெருகி, கடை நன்றாக நடந்தது. எனக்கும் தம்பிக்கும் கல்யாணம் செய்து வைத்தார். அவர் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சுவிடத் தொடங்கிய அந்தக் காலத்தில்தான் இது நடந்தது.

ஒரு நாள் காலை, கடைக்கு வழக்கமாக வரும் ஓர் இளம்பெண், அவளும் புருஷனை இழந்தவள், ரேஷன் கடைக்குப் போய் வரும் வரை பார்த்துக்கொள்ளும்படி தன் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். மதியம் ஆகியும் வரவில்லை. அந்தக் குழந்தை தெருவைப் பார்த்து உட்கார்ந்தே இருந்தது. கொடுத்த இட்லியைத் தொடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் நெற்றியில் கட்டோடு அந்தப் பெண் ஓடிவந்தாள். வெயிலில் மயங்கி விழுந்தவளை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

அவர்கள் போன பிறகு, குழந்தை தொடாத இட்லித் தட்டை அம்மா கழுவி வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "அவளுக்கு ஏதாவது ஆயிருந்தா அந்தப் புள்ள என்னன்னு நெனச்சிக்கிட்டு வளந்திருக்கும்? எங்கம்மா என்னை விட்டுட்டுப் போயிட்டான்னுதான?"

மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு தாத்தாவிடம் போனார். உங்க அம்மா பேரு என்னப்பா என்று கேட்டார். தாத்தா எழுந்து போகப் பார்த்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மகளை எப்போதும் ஆயா என்றே கூப்பிடும் தாத்தா அழுதுகொண்டே சொன்னார்:

"எனக்கு எப்படித் தெரியும் ஆயா? அம்மான்னுதான் கூப்பிட்டேன்."

எண்பதை நெருங்கியவருக்குத் தம் தாயின் பெயர் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் நாங்கள் அறிந்தோம்.

பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் அரியலூரில் இருக்கலாம் என்று கடைக்குச் சாப்பிட வரும் ஒருவர் சொன்னார். அம்மா காலை வியாபாரத்தை முடித்துவிட்டு பஸ் ஏறுவார். பெயர் தெரியாது, தேதி தெரியாது, ஊரும் சரியாகத் தெரியாது என்றால் யார்தான் தேடித் தருவார்கள்? நிலம் இருந்தாலாவது பட்டா, பத்திரம் என்று ஏதாவது சிக்கும். கூலி வேலை செய்த கைம்பெண்ணுக்கு எந்தக் கணக்கில் இடம் இருந்திருக்கும்? பலமுறை வெறுங்கையோடு திரும்பினார். சில கட்டுகள் வேறிடம் போயிருந்தன. சிலவற்றைச் செல் அரித்திருந்தது. அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்த அந்த நாட்களில், எந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கே பல நடை நடந்தார்.

கடைசியில் அரியலூர் ஆபீஸில் வேலை பார்த்த ஓர் அம்மையார் இரக்கப்பட்டார். வெள்ளம் வந்த காலத்தை வைத்துக்கொண்டு, திருமானூரைச் சுற்றிய ஊர்களின் ஏடுகளைத் தம் வேலைகளுக்கு நடுவே புரட்டிப் பார்த்தார். முதலில் கலியன் கிடைத்தார். சாவுக்குக் காரணம் விஷக்கடி. வெள்ளத்துக்குப் பின் வந்த தை மாதத்தில், அதே ஊரில், இன்னொரு வரி இருந்தது. அஞ்சலை, கலியன் மனைவி, கைம்பெண், கூலி, காரணம் பேதி.

அந்த வரியை அம்மா எழுத்துக்கூட்டித் தாமே படித்தாராம். அது வேறு அஞ்சலையாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று அந்த அம்மையார் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். அம்மா தலையாட்டிவிட்டு, அந்தப் பெயரை மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே பஸ்ஸில் வந்தார். நேராகத் தாத்தாவிடம் போனார்.

அப்போது தாத்தா படுத்த படுக்கை. அம்மா அவர் காதருகே குனிந்து, "அப்பா, உங்கம்மா பேரு அஞ்சலை. அறுப்புக்குப் போன எடத்துல பேதி கண்டு செத்துப்போயிட்டாங்க" என்றார்.

தாத்தா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது என்று கேட்டார். அந்தத் தை மாதத்திலேயே என்று அம்மா சொன்னார்.

"அப்ப வந்திருப்பா," என்றார் தாத்தா. "இருந்திருந்தா வந்திருப்பா."

பிறகு அழத் தொடங்கினார். சிறு பிள்ளை அழுவதைப் போல, உதடு பிதுங்கி, அம்மா அம்மா என்று அழுதார். எங்கள் அம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுதும் ஒரு செத்துப்போனவளைத் திட்டியிருக்கிறேனே என்று புலம்பிய தாத்தாவை எங்களால் தேற்ற முடியவில்லை. உண்மையைச் சொன்னது சரியா, தவறா என்று அம்மா அன்றைக்கே கலங்கினார். அடுத்த சில வாரங்களில் தாத்தா போய்ச் சேர்ந்தார்.

தாத்தாவின் காரியம் முடிந்ததும் அம்மா ஒரு மஞ்சள் புடவை எடுத்தார். கைம்பெண்ணுக்கு மஞ்சளா என்று யாரோ கேட்டதற்கு, என் அப்பத்தாவுக்கு நான் எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னார். நாங்கள் மூவரும் அஞ்சலை இறந்த அந்த ஊருக்குப் போனோம். பேதியில் இறந்தவர்களைப் புதைத்த இடம் இப்போது கரும்புக் காடு. அதன் சொந்தக்காரர் விவரம் கேட்டதும் வரப்போரம் இடம் ஒதுக்கிச் சுத்தம் செய்து கொடுத்தார். அம்மா புடவையை விரித்து, சோறும் கருவாட்டுக் குழம்பும் படைத்து, கற்பூரம் ஏற்றினார். "உங்க புள்ள உங்ககிட்டயே வந்துட்டாரு" என்று சொல்லிக் கும்பிட்டார்.

அதற்குப் பின் அம்மாவுக்குக் கிடைத்த நிம்மதி நீடிக்கவில்லை. வயிற்றில் கட்டி என்று திருச்சியில் சொன்னார்கள். வெளியே தெரியாமல் வெகுகாலம் வலியைத் தாங்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவருக்கு ஒரே கவலைதான். தம் உடம்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஒரு பிற்பகல், மருந்து மயக்கம் தெளிந்த நேரத்தில், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அந்த அஞ்சலை எங்க அப்பத்தாதானடி? வேற யாரையோ காட்டி எங்கப்பாவ அழ வெச்சிட்டனா?"

"அவங்கதாம்மா" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சொன்னேன். அம்மா என் முகத்தையே பார்த்தார். நம்பினாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

தம்பி அரியலூருக்குப் போய் அந்த அம்மையாரைப் பார்த்து விவரம் சொன்னான். சுற்று ஊர் ஏடுகளையும் பின்வந்த ஆண்டுகளின் ஏடுகளையும் பார்த்துச் சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டார். அதற்குள் அம்மாவுக்கு முடிந்துவிட்டது. விடியற்காலையில், என் கை அவர் நெஞ்சின் மேல் இருக்கும்போதே மூச்சு நின்றது.

அம்மாவை ஆஸ்பத்திரியில் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த தம்பியின் நண்பர்களுக்கும், கடையைப் பூட்டவிடாமல் மாற்றி மாற்றி நடத்தித் தந்த பக்கத்துக் கடைக்காரர்களுக்கும், காரியத்துக்குத் திருமானூர்ப் பக்கத்திலிருந்து கரும்போடு வந்து நின்ற அந்த விவசாயிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் கைகூப்புகிறோம்.

அரியலூர் அம்மையாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அம்மா இறந்தது தெரியாமல், காரியத்தன்று எங்கள் வீடு தேடி வந்தார். பந்தலையும் மாலை போட்ட படத்தையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். நான்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து உட்கார வைத்தேன். தண்ணீர் குடித்த பிறகு, படத்தைப் பார்த்தபடி, என்னிடம் சொல்லாமல் அம்மாவிடமே சொன்னார்.

"எல்லா ஏட்டையும் பாத்துட்டேம்மா. கலியன் மனைவி அஞ்சலைன்னு வேற யாரும் இல்ல. அது உங்க அப்பத்தாதான்."