எங்கள் பானை ஏறாத அடுப்பு

விறகடுப்பு வாங்கப் போகிறவர்கள் அறையின் நீள அகலத்தை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு போவார்கள். என் கணவர் பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐம்பது பேருக்குப் பொங்கலாம் என்று அவர் பெருமையடித்துக்கொள்ளும் பெரிய அலுமினியப் பானை அது. பஸ்ஸில் அதற்குத் தனி இருக்கை கிடைத்தது. நான் இரண்டு வரிசை தள்ளி, எனக்கும் அந்தப் பானைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவள்போல் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கூத்து எப்படித் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது லண்டனில், செவன் கிங்ஸ் என்கிற இடத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகளின் வரிசையில். சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக ஓர் ஆங்கிலேயப் பெண்மணி இருக்கிறார். எங்கள் பிள்ளைகள் இரண்டும் அவரை அன்ரி என்று கூப்பிட்டே வளர்ந்ததால் நாங்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டோம். நான் விடியற்காலை ஷிப்டுக்கு ஓடிய காலத்தில் பிள்ளைகளுக்குச் சீப்பால் தலை இழுத்து, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். தோசைக்கு மேல் ஜாம் பூசிச் சாப்பிடுவார். அதைக்கூட நான் மன்னித்துவிட்டேன். எழுபதைத் தாண்டிய பிறகு அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார். தினமும் காலையில் படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அந்தக் காற்றுத்தான் தனக்கு முதல் மருந்து என்பார்.

ஒரு தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பின்வளவில் மூன்று செங்கல்லை வைத்து விறகு மூட்டிப் பொங்கினோம். விறகென்றால், மழையில் ஊறிய பழைய வேலிப் பலகையும் ஏதோ மரக்கிளையும். புகை எழும்பியது பாருங்கள், பானை எங்கே என்றே தெரியவில்லை. எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தோம். நாலாம் நாள் அன்ரி வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். உங்கள் பண்டிகை எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்தப் புகைக்குப் பிறகு மூன்று இரவும் என்னால் படுக்க முடியவில்லை, கதிரையில் உட்கார்ந்தபடிதான் தூங்கினேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி மனம் ஆறியிருப்பேன். எனக்கு வெட்கத்தில் நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அடுத்த இரண்டு பொங்கலும் குசினியில் காஸ் அடுப்பில் நடந்தன. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைக்கும். கூரையில் இருக்கிற புகை அலாரம் கத்தும். யாராவது துவாயை வீசி வீசி அதை அடக்குவார்கள். என் கணவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார். காஸில் பொங்குவதும் ஒன்றுதான், கடையில் பொங்கல் வாங்குவதும் ஒன்றுதான் என்பது அவருடைய கட்சி. அவருக்கு விறகு நெருப்பு வேண்டும். எங்கள் முன் அறையில் பழைய காலத்தில் நெருப்பு மூட்டிய மாடம் ஒன்று பலகை அடித்து மூடிக் கிடந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அந்தப் பலகையைக் கழற்றி, உள்ளே தலையை விட்டுப் புகைபோக்கியைப் பார்த்தார். ஒரு வாளி கரி அவர் தலையில் கொட்டியது. அப்படியே எழும்பி வந்து, விறகடுப்பு ஒன்று பூட்டப் போகிறேன் என்றார்.

நான் அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன்.

“அன்ரிக்கு ஒரு இருமல் வந்தாலும் அடுப்பு வெளியிலை போகும். இப்பவே சொல்லிப்போட்டன்.”

“ஓம்” என்றார். அவ்வளவு சுலபமாக அவர் ஓம் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது.

மகள்தான் போனில் தேடிப் பார்த்து விளக்கினாள். எங்கள் இடம் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. புகைபோக்கியால் புகை விட்டால் கவுன்சில் சும்மா இருக்காது. அரசாங்கம் அங்கீகரித்த பட்டியலில் உள்ள, புகை குறைவாக எரிக்கிற அடுப்பில் மட்டுந்தான் விறகு போடலாம். பட்டியல் நீளமோ நீளம். என் கணவர் அதைப் பஞ்சாங்கம் பார்க்கிற கவனத்தோடு ஒரு கிழமை படித்தார். படித்து முடித்துத்தான் பானையைத் தூக்கினார்.

கடையில் விற்பனைக்கு நின்றவர் மரியாதையான மனிதர். அறை எவ்வளவு பெரிது என்று கேட்டார். என் கணவர் பதிலுக்குப் பானையைக் காட்டினார். இது மேலே உட்கார வேண்டும் என்றார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு கடை முழுக்கப் பானையோடு ஊர்வலம் போனோம். ஒவ்வோர் அடுப்பின் தலையிலும் பானை ஏறி இறங்கியது. கடைசியில் இரட்டைக் கதவு வைத்த ஒரு ராட்சத அடுப்பில் பானை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. பட்டியலிலும் அது இருந்தது. என் கணவருக்கு முகமெல்லாம் பல். அறையைப் பார்க்காமல் பூட்ட முடியாது, முதலில் ஆள் அனுப்புகிறோம் என்று கடைக்காரர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

எங்கள் சனத்துக்கு இந்தப் புத்தி உண்டு, மறைக்க மாட்டேன். எதை வாங்கினாலும் தேவைக்கு ஓர் அளவு கூட வாங்குவோம். என் மகனுக்கு வாங்கிய பள்ளிக்கூடக் கோட்டு, அவன் பள்ளிக்கூடத்தை விட்ட வருடத்தில்தான் அவனுக்கு அளவாக வந்தது. எங்கள் சோபா வாசலால் நுழையாமல், ஜன்னலைக் கழற்றி உள்ளே இறக்கியது. ஆட்கள் வந்தால் காணாது என்று ஒரு பயம், பிறகு பெரிதாகத் தேவைப்படும் என்று ஒரு நம்பிக்கை. இரண்டும் சேர்ந்து எங்கள் வீடுகளில் நடக்க இடமில்லாமல் செய்துவிட்டன.

அடுத்த கிழமை அடுப்புப் பூட்டுகிறவர் வந்தார். பேச்சுக் குறைந்த, பெரிய உருவமுள்ள ஆள். முன் அறையில் நாலு எட்டு வைத்தார், அறை முடிந்துவிட்டது. எந்த அடுப்பு என்று கேட்டு, பெயரைச் சொன்னதும் தலையை ஆட்டினார். இவ்வளவு சின்ன அறையில் அதை ஒழுங்காக எரித்தால் ஜனவரியிலும் நீங்கள் பெனியனோடுதான் இருப்பீர்கள் என்றார். சூடு தாங்காமல் இரண்டு கட்டையை மட்டும் போட்டு மங்கலாக எரிப்பீர்கள், மங்கல் நெருப்பென்றால் கண்ணாடி கறுக்கும், புகைபோக்கியில் கரி பிடிக்கும், புகை வெளியே போகும். பட்டியலில் இருக்கிற அடுப்பு என்பதால் மட்டும் அது சுத்தமாக எரிந்துவிடாது, சின்ன அடுப்பு நல்ல சூட்டோடு எரிவதுதான் சுத்தம் என்றார். அவர் பேசியதிலேயே அதுதான் மிக நீளமான பேச்சு.

புகை எங்கே போகும் என்று நான் கேட்டேன். அவர் என்னை வாசலுக்கு அழைத்துப்போய் மேலே கையைக் காட்டினார். எங்கள் புகைபோக்கியும் அன்ரியுடையதும் ஒன்றாக ஒட்டி நின்றன. அதற்குக் கொஞ்சம் கீழே அன்ரியின் ஜன்னல். இருபத்தைந்து வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். ஒருநாளாவது தலையை நிமிர்த்தி அதைப் பார்த்ததில்லை.

அவர் போன பிறகு வீட்டில் சண்டை. என் கணவர் பானையை மடியில் வைத்துக்கொண்டு, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளைபோல் இருந்தார். சின்ன அடுப்பு வாங்குவதென்றால் எதற்கு வாங்குவது என்றார். வாறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். கடைசியில் உண்மையைச் சொன்னார்.

“சின்னதிலை பானை ஏறாதப்பா.”

“பானையை மாத்தலாம். அன்ரியின்ரை நெஞ்சை மாத்தேலுமோ?”

அவர் எழும்பிப் போய்ப் பானையை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, கடைக்குப் போன் எடுத்தார். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் என் பேச்சுக்கு அவர் உடனே கீழ்ப்படிந்த இரண்டாவது சந்தர்ப்பம் அது. முதலாவதை இங்கே சொல்ல முடியாது.

அடுப்பு வருவதற்கு முன்னமே அன்ரியிடம் போய்க் கேட்டோம். அவர் வேண்டாம் என்றிருந்தால் அத்தோடு விட்டிருப்போம். அது என் கணவருக்கும் தெரியும். மூட்டுங்கள், ஆனால் மூட்டுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன் என்றார் அன்ரி. வீட்டுக்கு வந்து நான் அழுதேன். தன் மூச்சுக்காக அவர் திறக்கிற ஜன்னலை எங்கள் ஆசைக்காகச் சாத்துகிறேன் என்றால் எப்படி இருக்கும்?

புகைபோக்கிக்குள் ஸ்டீல் குழாய் இறக்கி, சுவரில் நச்சு வாயு அலாரம் மாட்டி, அடுப்பைப் பூட்டிக் கொடுத்தார்கள். மூன்று பிள்ளைகள் சுற்றி உட்காரலாம், அவ்வளவுதான் அதன் அளவு. பார்த்தால் பாவமாக இருக்கும். என் கணவர் அதற்கு விறகு தேடத் தொடங்கினார். ஈரத்தை அளக்கிற கருவி ஒன்று வாங்கினார், முன்னால் இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். விறகில் குத்தினால் எத்தனை சதவீதம் ஈரம் என்று காட்டும். இருபதுக்கு மேலே என்றால் போடக்கூடாது. அதற்குப் பிறகு வீட்டில் குத்துப்படாத பொருளில்லை. கதவு, கதிரைக்கால், மரவள்ளிக்கிழங்கு, நான் சுட்ட கேக். கேக் நல்ல ஈரம் என்று வந்து சொன்னார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். தெருவில் வெட்டிப் போட்ட மரக்கிளையை இலவசம் என்று இழுத்துக்கொண்டு வந்தவர், கருவி காட்டிய எண்ணைப் பார்த்ததும் அப்படியே திரும்ப இழுத்துக்கொண்டு போனார். கடைசியில் காய்ந்த விறகு என்று முத்திரை போட்ட மூட்டைகளைத்தான் வாங்கினோம்.

நெருப்பு மூட்டுவதையும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. எங்களுக்குப் பழக்கம் கீழே சுள்ளியைக் கொளுத்தி மேலே கட்டையை அடுக்குவது. இங்கே கட்டை கீழே, சுள்ளி மேலே, நெருப்பை உச்சியில் வைக்க வேண்டும். தலைகீழ் வேலை என்று அவர் புறுபுறுத்தார். ஆனால் அப்படி மூட்டினால் புகை மேலே உள்ள சுவாலையைத் தாண்டும்போதே எரிந்துபோகிறது. புது அடுப்பின் பெயின்ற் இறுகுவதற்காக முதல் சில நாட்கள் சின்ன நெருப்பு மூட்டச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அன்ரிக்குச் சொன்னோம், அவர் ஜன்னலைச் சாத்தினார். என் கணவர் குளிர்த்தொப்பி போட்டுக்கொண்டு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று புகைபோக்கியை அண்ணாந்து பார்ப்பார். போகிறவர்களும் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். ஒரு நாள் நாலு பேர் நின்றார்கள்.

பிறகு அவர் சின்னப் பானை வாங்கப் போனார். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பேரப்பிள்ளைக்கு விளையாடவோ என்று கேட்டாராம். ஓம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தார். அவருடைய பெருமை அந்த அளவுக்குக் குறைந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அவர் முன்னால் காட்டவில்லை.

பொங்கல் காலை. பஞ்சாங்க நேரம் தவறக்கூடாது என்று வீடே பறந்தது. மகள், மகன், மருமகள் எல்லாரும் அந்தச் சின்ன அறையில் முழங்கால் முட்ட உட்கார்ந்தோம். என் கணவர் குளித்து வேட்டி கட்டி, உச்சியில் நெருப்பு வைத்தார். நெருப்பு பிடித்து, கண்ணாடிக்குப் பின்னால் பளிச்சென்று எரிந்தது. ஆனால் அடுப்பின் தலை சூடாகிப் பால் கொதிக்க நேரம் எடுக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பானையைப் பார்த்தபடி கதை, சிரிப்பு, பிறகும் கதை. மருமகள் தன் பங்குக்குக் கருவியை எடுத்துப் பாலில் குத்திப் பார்க்கவா என்று கேட்டாள். எனக்கு வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு. அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது. அன்ரிக்குச் சொல்லவில்லை.

நேரத்தைப் பார்த்தேன். மூட்டி ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. அவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற நேரமும் அதுதான். சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு தெருவுக்கு ஓடினேன்.

ஜன்னல் அகலத் திறந்திருந்தது. அன்ரி கம்பளிச் சட்டையோடு, கையில் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு அங்கே நின்றார். என்னைக் கண்டதும் குனிந்து கேட்டார்.

“எப்போது மூட்டப் போகிறீர்கள்? சொன்னால்தானே சாத்தலாம். விடிந்ததிலிருந்து காத்துக்கொண்டு நிற்கிறேன்.”

நான் புகைபோக்கியைப் பார்த்தேன். அதற்கு மேலே வெறும் வானம். காற்றும் கொஞ்சம் உதவியிருக்கலாம், மறுக்க மாட்டேன். ஒரு மணித்தியாலமாக எரிகிறது அன்ரி, சொல்ல மறந்துவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

உள்ளே எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள், பால் பொங்கிவிட்டது. நான் அதைப் பார்க்கவில்லை. அன்ரி கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் ஒரு மூச்சை நீளமாக இழுத்தார். இழுத்த மூச்சு இருமலாக மாறாமல் மெதுவாக வெளியே வந்தது. குளிரில் அது அவர் வாயிலிருந்து வெள்ளையாகப் புறப்பட்டது. அன்று காலை அந்த இரண்டு வீட்டிலிருந்தும் நான் கண்ட புகை அது ஒன்றுதான்.

“அப்படியென்றால் இது திறந்தே கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, பொங்கல் சாப்பிட இறங்கி வந்தார்.