இறுக்கி மூடிய டேங்க்

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ல, ள, ழ மூன்றும் என் கையில் ஒன்றாகத்தான் வரும். எழுத்து வரியை விட்டுக் கீழே இறங்கிவிடும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். எனக்குப் பேச்சும் சரியாக வராது. நாலு பேர் இருக்கிற இடத்தில் பின்னால் போய் நின்றுகொள்வேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் கழுவுகிற வேலை செய்கிறேன். கடை கிடையாது. குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியின் பின்னால் ஐந்நூறு லிட்டர் கறுப்பு டேங்க், அதன் பக்கத்தில் சின்ன பெட்ரோல் இன்ஜினில் ஓடும் பம்ப், சுற்றி வைத்த நீள ஹோஸ், அவ்வளவுதான். கார் நிற்கிற இடத்துக்கே போவோம். அங்கே இரும்பு உருக்குகிற கம்பெனிகள் நிறைய. காலையில் வெள்ளையாக நிறுத்தின கார் சாயங்காலம் துருப்பிடித்த கார் மாதிரி ஆகிவிடும். அந்தத் தூளைத் துணியால் துடைத்தால் பெயின்ட் முழுக்கக் கீறல் விழும். பிரஷரில் தண்ணீர் அடித்துத்தான் இறக்க வேண்டும். பம்ப் நின்றால் எங்கள் பிழைப்பு நின்றது.

எங்கள் என்று எழுதிவிட்டேன். அப்போது கூட இருந்தது என் மச்சான், மனைவியின் தம்பி. அவளுக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். ஆரம்பாக்கத்தில் அவன் அம்மா வீடு. எங்கள் வீடு கவரைப்பேட்டை. வேலை இருக்கிற நாளெல்லாம் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுப் படுத்துக்கொள்வான். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி, டிரைவர்கள், கேன்டீன்காரர் எல்லோரையும் சிரிக்க வைத்து உள்ளே போக வழி செய்வது அவன். கழுவுவது பெரும்பாலும் நான், ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடிக்க அவனும் வருவான். அவன் பேசுவதைப் பார்க்க எனக்குப் பொறாமை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டேங்க் மூடியின் ஓரத்தில் டேங்க் செய்த கம்பெனிக்காரனே விட்ட சின்ன ஓட்டை ஒன்று இருந்தது. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கினால் அதிலிருந்தும் மூடியின் இடுக்கிலிருந்தும் தண்ணீர் தெறிக்கும். ஒருநாள் கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்றவர் மேல் தெறித்துவிட்டது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"யோவ், கார் கழுவுற வண்டியா, ஆளக் கழுவுற வண்டியா இது? சோப்பு இருந்தா அதையும் போட்டு உடுய்யா."

கேட்டில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தான். "சார், இன்னிக்கி ஒரு நாள் ஃப்ரீ சார்" என்றான். அந்த மனிதரும் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் காது எரிந்தது.

அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து லாரி டியூபை வட்டமாக வெட்டி மூடிக்கு அடியில் வைத்தேன். ஓட்டையில் குழாய் ஒழுகலை அடைக்கிற பசையை வைத்துத் தேய்த்தேன். நல்ல வேலைப்பாடு. வண்டியைக் குலுக்கிப் பார்த்தேன், ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மச்சானிடம் சொன்னேன்: "மூடிய சும்மா சும்மா தொறக்காத. தொறந்தா இறுக்கி மூடு. இன்னொருத்தன் கிட்ட நான் பாட்டு வாங்க முடியாது."

"சரி மாமா" என்றான்.

அந்த வாரத்திலிருந்து பம்ப் தகராறு. நன்றாக அடித்துக்கொண்டிருக்கும். பத்து நிமிஷத்தில் சத்தம் மாறும், உள்ளே கூழாங்கல் உருளுகிற மாதிரி. பிரஷர் விட்டு விட்டு வரும், அப்புறம் வெறும் ஒழுகல். முதலில் சல்லடை அடைத்திருக்கும் என்று கழற்றிக் கழுவினேன். துருத் துணுக்கு நாலு இருந்தது. இதுதான் என்று நினைத்தேன். ஓடியது. மறுநாள் நின்றது. உறிஞ்சுகிற ஹோஸில் காற்று வாங்குகிறதோ என்று புது ஹோஸ் போட்டு கிளாம்ப்பை முறுக்கினேன். ஓடியது, நின்றது. டீ குடித்துவிட்டு வந்தால் தானாக ஓடும். சூடுதான் காரணம் என்று பம்ப் மேல் ஈரச் சாக்கு போட்டேன். கடைசியில் கழற்றி திருவள்ளூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் சீல் எல்லாம் மாற்றி, திறந்த டிரம்மில் ஹோஸைப் போட்டு அரை மணி ஓட்டிக் காட்டினார். "பம்ப்ல ஒண்ணும் இல்லப்பா. ஓட்றவன் யாருன்னு பாரு" என்றார்.

விளையாட்டாகச் சொன்னாரா தெரியாது. எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. யோசித்துப் பார்த்தேன். என் கையில் இருக்கும்போது நிற்பது குறைவு. அவன் கையில்தான் நிற்கிறது. நான் போய்த் தொட்டால் ஓடுகிறது. அவன் எந்நேரமும் செல்போனில் பேசிக்கொண்டிருப்பவன். டேங்க் காலியானது தெரியாமல் வெறும் பம்பை ஓட்டிக் கெடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஒருநாள் ஒரு கம்பெனியில் வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று எட்டு கார் கழுவச் சொன்னார்கள். நான் ஒரு காரின் உள்ளே சீட் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே பம்ப் சத்தம் மாறுவது கேட்டது. வந்து பார்த்தால் பெரிய அதிகாரியின் கறுப்புக் கார் முழுக்க நுரை. வெயிலில் காய்ந்து திட்டுத் திட்டாகிறது. மச்சான் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். டிரைவர்கள், செக்யூரிட்டி, இரண்டு ஆபீஸர்கள் சுற்றி நிற்கிறார்கள்.

நான் வண்டியில் ஏறி, தண்ணீர் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திருகித் திறந்தேன். புஸ் என்றது. உள்ளே ஒடுங்கியிருந்த டேங்கின் வயிறு டொப்பென்று வெளியே வந்தது. வெயிலில் பிளாஸ்டிக் அப்படி ஆகும் என்று நினைத்தேன். பாதி டேங்க் தண்ணீர் இருந்தது. அந்த நிமிஷமே பம்ப் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. ஹோஸ் துள்ளியது.

ஒரு டிரைவர், "இன்னாபா, நீ தொட்டா ஓடுது, அவன் தொட்டா நிக்குது. மந்திரம் போடுறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மச்சான், "நான் இன்னா மாமா பண்ணேன்? நீ சொன்ன மாதிரி மூடிக்கினுதான வெச்சிருக்கேன்" என்றான்.

அவன் சொன்னதில் விடை முழுவதும் இருந்தது. நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வந்தது.

"வாய மூடுடா. உன் வாய் ஓடுற மாதிரி பம்ப் ஓடுமா? செல்லுல பேசிக்கினே தண்ணி இல்லாம ஓட்டி ஓட்டி பம்பக் கெடுத்துட்ட. எங்க ஊட்டு சோத்தத் தின்னுட்டு எம் பொழப்புல மண்ணப் போட்றியா?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். ஹோஸைத் தரையில் வைத்தான். கழற்றி வைத்திருந்த செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தான். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. தண்ணீர் காலடியில் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அதில் கையை நீட்டி அலம்பக்கூட அவன் நிற்கவில்லை.

அன்றிலிருந்து அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மனைவி கேட்டாள். "பம்பக் கெடுத்தான், சொன்னேன், கோச்சுக்கினு பூட்டான்" என்றேன். சோறு பற்றிச் சொன்னதைச் சொல்லவில்லை.

அப்புறம் தனியாக வேலை செய்தேன். மூன்றாம் நாள் பம்ப் நின்றது. பேசுவதற்கு ஆள் இல்லை, குறை சொல்லவும் ஆள் இல்லை. வண்டியில் ஏறி மூடியைத் திறந்தேன். புஸ். டொப். பம்ப் பிடித்தது. இறுக்கி மூடினேன். பத்து நிமிஷம். நின்றது. திறந்தேன். ஓடியது.

அப்படியே டேங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். நான் அடைத்துவிட்டேன். அவ்வளவுதான் விஷயம். என் கையில் நிற்காததற்குக் காரணம், அவனை நம்பாமல் நான் அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்ததுதான். அவன் கையில் நின்றதற்குக் காரணம், நான் சொன்னதை அவன் அப்படியே கேட்டதுதான்.

டீக்கடை அடுப்பில் ஒரு ஆணியைக் காய்ச்சி மூடியில் குத்தினேன். அரை நிமிஷ வேலை. அதற்குப் பிறகு பம்ப் இன்றுவரை நின்றதில்லை. மனைவி, "எப்படி சரியாச்சு?" என்று கேட்டாள். "வாஷர் மாத்துனேன்" என்றேன்.

ஒரு வருஷம் கழித்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எதிரில் அவனைப் பார்த்தேன். ஏதோ கம்பெனியில் கான்ட்ராக்ட் கூலியாகப் போகிறான், ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில். இளைத்திருந்தான். அவனாகத்தான் வண்டி அருகே வந்தான்.

"அக்கா நல்லாருக்குதா?"

"இருக்குது."

"பம்பு ஓடுதா மாமா?"

"ஓடுது."

"அப்ப நான்தான் பேஜாரு போல. நான் பூட்டேன், அது ஓடுது." சிரித்தான். அப்புறம் டேங்கைப் பார்த்தான். மூடியைச் சுற்றி ஈரமாக இருந்தது. "மூடில ஓட்ட உழுந்துகிது பாரு. அடச்சுடு மாமா. எவனாவது திட்டுவான், உனக்கு ஆவாது."

சொல்லியிருக்க வேண்டும். அந்த ஓட்டையைக் காட்டி நாலே வார்த்தை சொன்னால் போதும். "சரி" என்றேன். ரயில் வந்தது. அவன் ஓடினான்.

போன மாதம் என் பெண்ணுக்குக் காது குத்தினோம். மனைவி ஆரம்பாக்கத்துக்குப் போய் அழைத்தாள். "ஊட்ல சாப்புடணுமேக்கா" என்று மட்டும் சொன்னானாம். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை, என் மனைவியின் பெரியப்பா மகன் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி கம்பியை எடுக்கும்வரை மனைவி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அழுத சத்தத்தில்தான் திரும்பினாள். காது ஒருமுறைதான் குத்துவார்கள்.

இதை அவனுக்குத் தபாலில் அனுப்பலாமா என்று யோசித்தேன். மூன்று ஸ்டேஷன் தூரத்துக்குத் தபால் எதற்கு. முதலில் இதைப் படிக்க வேண்டியவள் என் மனைவி. அவள் எட்டாவது வரை படித்தவள், என் எழுத்து அவளுக்குப் புரியும். இப்போது கடைக்குப் போயிருக்கிறாள். இந்த நோட்டை டி.வி. மேல் வைத்துவிட்டு வண்டியைக் கழுவப் போகிறேன். படித்துவிட்டு அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

14-6-2009, ஞாயிற்றுக்கிழமை.