காற்றுக்குப் போன மருந்து

பெற்றவர்கள் அவளுக்கு என்ன பெயர் வைத்தார்களோ, என் காதில் முதலில் விழுந்தது ‘கதவுசாத்தி’ என்ற பெயர்தான். அதை வைத்தவள் அவள் மாமியார், என் சித்தியின் இரண்டாவது மகள், எனக்குத் தங்கை முறை. மகனுக்குக் கல்யாணம் முடித்த இருபதாம் நாள் எனக்குப் போன் போட்டாள்.

“அக்கா, மருமக வருவான்னு பார்த்தேன். வந்தது ஒரு கதவுசாத்தி. பட்டப்பகல்ல ஜன்னலை மூடுறா, திரையை இழுத்து விடுறா, கதவைச் சாத்திக்கிட்டுப் படுக்குறா. என்னன்னு எட்டிப் பார்த்தா, ‘அத்தை, கொஞ்சம் மெதுவா நடங்க’ங்குறா. என் வீட்டுல நான் மெதுவா நடக்கணுமாம்!”

தங்கை நடந்தால் பக்கத்து வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடும். அதைச் சொல்லி நான் வம்பை விலைக்கு வாங்கவில்லை.

விஷயம் இதுதான். அந்தப் பெண்ணுக்கு ஒற்றைத் தலைவலி. மாதத்தில் மூன்று நான்கு தடவை வரும். முதலில் கண்ணோரத்தில் ஏதோ மின்னும். அரைமணி நேரத்தில் இடது பக்க மண்டையில் யாரோ ஆணி இறக்குவார்கள். அப்புறம் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்காது. எங்கள் சொந்தத்தில் படிக்காத வைத்தியருக்குப் பஞ்சமா? தங்கையின் கொழுந்தனார் பித்தம் என்றார். என் மூத்த நாத்தனார் ஈரத்தலையோடு படுத்ததால் என்றாள். தங்கை மட்டும் அது சோம்பேறித்தனம் என்று கண்டுபிடித்தாள்.

அந்தப் பெண் வேலை பார்த்த இடத்தில் அவளைச் சோம்பேறி என்று சொல்ல ஆள் கிடையாது. வாசனைத் தண்ணீர்ப் புட்டியின் தலையில் ஒரு பம்பு இருக்குமே, அமுக்கினால் புஸ்ஸென்று தூறுமே, அதைச் செய்கிற ஆலை. இவளுக்குக் கடைசி மேசையில் சோதனை வேலை. ஒவ்வொரு பம்பாக எடுத்து, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, காற்றில் ஒரு அமுக்கு. தூறல் சமமாக விழுந்தால் நீலத் தட்டு. சொட்டினால் சிவப்புத் தட்டு. ஒரு நாளைக்கு இரண்டாயிரம். பக்கத்து மேசையில் அவள் புருஷன். அவன் சிவப்புத் தட்டில் போட்ட பம்பை இவள் எடுத்து, “இதுக்கு என்ன குறை, உங்க கண்ணுக்குத்தான் குறை” என்று கேட்கப்போய், சண்டையில் ஆரம்பித்துக் கல்யாணத்தில் முடிந்த கதை அது.

அந்த மேசை என்றால் அவளுக்கு உயிர். ஆனால் தலைவலி வந்தால் பாதி வேலையில் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “ஏம்மா, இதோட எத்தனை தடவை? இன்னொரு நாள் பாதியில கிளம்பினா, திரும்பி வர வேண்டாம். சொல்லிட்டேன்.”

புருஷனும் பெண்டாட்டியும் டாக்டரம்மாவிடம் ஓடினார்கள். அந்த அம்மா ரத்த அழுத்தம், நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு, “மாத்திரை வாந்தியில போயிடுதில்ல? இது மூக்குல அடிக்கிற மருந்து. வலி ஆரம்பிச்ச உடனே ஒரு மூக்குல ஒரே ஒரு தடவை அமுக்கு, போதும்” என்று எழுதிக் கொடுத்தார். பெட்டிக்குள் கட்டைவிரல் அளவில் இரண்டு இருந்தன.

தங்கைக்கு அதுவும் பொறுக்கவில்லை. “தலைவலிக்கு மூக்குல மருந்தா? அப்ப கால்வலிக்குக் காதுல ஊத்துவாங்களா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வலி வந்தது. இவள் மருந்தை எடுத்தாள், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள், காற்றில் ஒரு அமுக்கு அமுக்கினாள்.

“சமமா விழுது,” என்றாள்.

“நல்ல பம்பு,” என்றான் புருஷன்.

பிறகு மூக்கில் வைத்து அமுக்கினால் ஒன்றுமே வரவில்லை. பொருளில்தான் கோளாறு என்று இரண்டு நிபுணர்களும் முடிவு கட்டினார்கள். பத்து நாள் கழித்து அடுத்த வலிக்கு இரண்டாவது மருந்தை எடுத்தார்கள். இந்தத் தடவை புருஷனே, கறுப்புத் துணியை விரித்து அதன் மேல் அமுக்கி, ஒவ்வொரு துளியாக ஆராய்ந்தான். அவ்வளவு அழகான தூறலை அவன் ஆலையில்கூடப் பார்த்ததில்லையாம். அவள் சுருண்டு கிடந்தாள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் புகார் போயிற்று. “மேடம், ரெண்டு பம்பும் ஒரு அமுக்குக்கு மேல வேலை செய்யல. எங்க மேசையா இருந்தா நேரா சிவப்புத் தட்டுதான்.”

“அந்த ஒரு அமுக்கு எங்க போச்சு?”

“காத்துல அடிச்சுப் பார்த்தோம்.”

“ஏன், காத்துக்குத் தலைவலியா?” என்றார் டாக்டரம்மா. “ஒவ்வொண்ணுலயும் ஒரு தடவைக்குத்தான்யா மருந்து இருக்கு!”

புருஷன் விடவில்லை. “அப்ப சோதிச்சுப் பார்க்காம எப்படி மேடம் அடிக்கிறது?”

அவர் இன்னொரு பெட்டி எழுதிக் கொடுத்தாராம். அதிலும் இரண்டுதான். தெரிந்த பிறகாவது கை கேட்டதா? அடுத்த வலியில் கண் இருட்டும்போது, பத்து வருஷத்துக் கை, அதுபாட்டுக்கு மேலே போய் அமுக்கிவிட்டது. மூன்றாவதும் காற்றுக்கே போயிற்று. அந்த வீட்டுக் காற்றுக்கு ஆயுசுக்கும் தலைவலி வராது.

மிச்சம் இருந்த ஒன்றை அவள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கு, மேசையில் இருக்கும்போதே கண்ணோரத்தில் மின்னியது. வீட்டுக்குப் போனால் வேலை போச்சு. மருந்தை வெளியே எடுத்தாள்.

“குடு, நான் அடிச்சு விடுறேன்,” என்று புருஷன் வாங்கினான். வாங்கிய கை டியூப் லைட்டை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

சுற்றிலும் பார்த்தாள். அந்தக் கூடத்தில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் அதே கை. எழுந்து கண்ணாடி அறைக்குள் போனாள்.

“கிளம்பிட்டியா?” என்றார் மேலாளர்.

“இல்ல சார். இதை என் மூக்குல வச்சு ஒரு தடவை அமுக்குங்க.”

“நானா? எனக்கு என்னம்மா தெரியும்?”

“அதனாலதான் சார் வந்தேன். இந்த ஆலையில ஒரு பம்பைக்கூட அமுக்கிப் பார்க்காத கை உங்களுது ஒண்ணுதான்.”

அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தார். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எதுக்கும் வெளியில ஒரு தடவை…” என்று ஆரம்பித்தார்.

“சார்!”

அவள் போட்ட சத்தத்தில் கூடமே நின்றது. அவர் பயந்துபோய் அவள் மூக்கில் வைத்து அமுக்கிவிட்டார். தொண்டையில் கசப்பு இறங்கியது. “லைட்டை அணைச்சிட்டு, கொஞ்ச நேரம் வெளியில இருக்கீங்களா சார்?” என்றாள். பன்னிரண்டு பேர் பார்க்க, மேலாளர் தம் அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கோப்புகளை வைத்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த ஆலையில் அவர் அவ்வளவு உருப்படியாக ஒரு வேலை பார்த்ததை அன்றைக்குத்தான் எல்லோரும் கண்டார்கள்.

அவள் எழுந்து வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. நேராகப் போய் மேசையில் உட்கார்ந்தாள். இது பாதியில் கிளம்பியதாகக் கணக்கா இல்லையா என்று மேலாளர் சாயங்காலம் வரைக்கும் யோசித்தாராம். கிளம்பிப் போனது அவர்தானே தவிர, அவள் இல்லை. அதனால் வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் எதுவும் எழுதவில்லை.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. தலைவலி இன்னும் வருகிறது, முன்னைப்போல் படுத்துவதில்லை. அதே ஆலையில், காலை ஷிப்டில், கடைசி மேசையில் வேலை பார்க்கிறாள்.