தையற்காரர் வெட்டிய வீடு

எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறு வருஷம் என் மாமனார் வீடு கட்டுவதென்று முடிவெடுத்தார். மதாம்களுக்குக் கவுனும் துரைகளுக்குக் கோட்டும் தைத்த அவர் கடை, அதற்குள் பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு மாறியிருந்தது. புது வீட்டில் தெருப் பக்கம் கடை, பின்னால் குடித்தனம். மாமனார், மாமியார், நாங்கள், கொழுந்தன் குடும்பம், பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ்.

வரைபடம் போட வெளியாளை வைக்க அவர் சம்மதிக்கவில்லை. "எவ்ளோ கோணலான ஒடம்பயெல்லாம் அளந்து தெச்சிருக்கேன். இந்த மனைய அளக்க மாட்டனா?" என்றார். காக்கித் தாளில் மனையை வெட்டி மேசையில் விரித்தார். அறைகளைத் தனித்தனியாகக் கத்தரித்து, சட்டைக்குக் கை வைக்கிற மாதிரி குண்டூசி குத்திச் சேர்த்தார்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தையல் மிஷின் சமையற்கட்டு மூலையில் அரிசிப் பானையைச் சுமந்துகொண்டு நின்றது. ஆண்கள் வேலை செய்யும் கடையில் அதைப் போட முடியாது. கூச்சத்தை விட்டு மாமாவிடம் கேட்டேன். கடைக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே ஒரு சின்னத் துண்டைக் குத்தி, "இது ஒனக்கு. ரவிக்கையெல்லாம் நீயே பாத்துக்க" என்றார். அன்றைக்கு நான் ஒரு பிடி கூடுதலாகவே சாப்பிட்டேன்.

கொத்தனார் வந்து தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சரிங்க மொதலாளி. செவுரு எங்க?"

"குண்டூசி குத்தியிருக்கேன்ல, அந்தக் கோடுதான் செவுரு."

"கோட்டுல செங்கல் நிக்காதுங்களே!"

துணிக்குக் கனம் பார்த்துப் பழகாத மனிதர், சுவர்களுக்கு இடம் விடவே மறந்துவிட்டார். எதையாவது குறைத்தாக வேண்டும். எல்லார் கண்ணும் என் துண்டின் மேல் போயிற்று.

"மிஷின் அடுப்பங்கரையிலயே கெடக்கட்டுமே" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அப்ப அடுப்ப கொண்டுபோயி கடையில வைங்க" என்றேன். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மாமனார் சிரிக்கவில்லை. என்னை மிஷின் முன்னால் உட்காரச் சொன்னார். முதுகிலிருந்து மிஷின் சக்கரம்வரைக்கும் டேப்பைப் பிடித்து அளந்தார். பிறகு கத்தரியை எடுத்துத் தன் கடைத் துண்டின் ஓரத்தை நீளமாக நறுக்கினார்.

"கடையில தாராளமாத்தான் வுட்டிருந்தேன். கொஞ்சம் பிடிச்சிட்டேன், அவ்ளோதான்."

தாராளம் எவ்வளவு என்பது வீடு எழும்பிய பிறகுதான் தெரிந்தது. துணி வெட்டும் பெரிய மேசையைக் கடையில் போட்டபோது, அதற்கும் என் அறைச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடமிருந்தது. மாமாவுக்கோ நல்ல தொந்தி. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போவார்.

என் அறைக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மிஷினை மிதித்துக்கொண்டிருப்பேன், சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சட்டைப் பித்தான்கள் உரசும் சத்தம் கேட்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அடிக்கடி ஒரு பித்தான் அறுந்துவிடும். சட்டையை என்னிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார்.

"இப்ப வர்ற நூலு சரியில்லம்மா" என்பார்.