பெல்ட்டில் தடவிய வெல்லம்

உலகச் சண்டை முடிந்த பிறகு ஆவடி ராணுவ முகாமில் பழைய சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் ஒரு மின்சார மோட்டாரும் வட்ட ரம்பமும் எடுத்தேன். திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, இரண்டையும் தோல் பெல்ட்டால் இணைத்து வைத்துக்கொண்டேன். பட்டணத்தில் குமாஸ்தா உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் தச்சு வேலை. பெஞ்சு, அலமாரி என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன்.

ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய ரம்பம், பிறகு பலகையின் பாதியில் நிற்கத் தொடங்கியது. பல் மழுங்கிவிட்டது என்று அரத்தால் ராவினேன். அப்படியும் நின்றது. மரம் ஈரமோ என்று காய்ந்த தேக்கைக் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் பாதியில் நின்றது. அப்புறம்தான் கவனித்தேன், ரம்பம் நிற்கும்போதும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது. பெல்ட் தொய்ந்து வழுக்குகிறது. வெட்டிச் சுருக்கித் தைக்க வேண்டும், அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

என் மனைவியின் தம்பி அப்போது வேலை தேடுவதாகச் சொல்லி எங்களோடு இருந்தான். பகலெல்லாம் தூங்குவான். அந்த வாரம் மட்டும் அவனுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது.

"நீ இன்னாத்துக்கு மாமா கஷ்டப்படுறே? நான் சரி பண்ணிட்டேன். இப்ப வழுக்காது," என்றான் வியாழக்கிழமை.

என்ன செய்தாய் என்று கேட்டேன். சிரித்தான். ஞாயிறு காலை கொட்டகையைத் திறந்ததும் ஒரு வீச்சம் முகத்தில் அடித்தது. செத்த நாற்றம். அதோடு ஏதோ புளித்த இனிப்பு வாடை. பெல்ட் முழுக்கக் கறுப்பாகப் பிசுபிசுத்தது. மேலே மரத்தூள் அப்பியிருந்தது. அதில் எறும்பும் கரப்பானும் ஒட்டிக் கிடந்தன, சில இன்னும் காலை ஆட்டிக்கொண்டு.

"வெல்லப்பாகு," என்றான் பின்னால் நின்று. "கெட்டியாப் பிடிச்சிக்கும்."

"அந்த நாத்தம்?"

"மோட்டார் சூடானா அப்டித்தான் வரும். போட்டுப் பாரு மாமா."

அவன் பேச்சைக் கேட்டு சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஒரு முறை உறுமியது, நெருப்புப் பொறி தெறித்தது, பியூஸ் போயிற்று. மயிர் கருகும் வாடை கொட்டகையை நிறைத்தது. மின்கம்பியைக் கழற்றிவிட்டு மோட்டாரின் மூடியைத் திறந்தேன். பாகின் வாசனைக்கு வந்த எலி, காற்றுத் துளை வழியாக உள்ளே போய்ச் செத்திருக்கிறது. செத்து இரண்டு மூன்று நாளாவது ஆகியிருக்கும். நான் சுவிட்சைப் போட்டதில் அது நார்நாராகி உள்ளே சுற்றிக் கிடந்தது.

வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

"எலி பூந்ததுக்கு நான் இன்னா பண்றது?" என்றான் அவன், மூக்கைப் பொத்திக்கொண்டு. அதற்குமேல் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நான்தான் சுத்தம் செய்தேன். வேப்பங்குச்சியால் துண்டு துண்டாக நோண்டி எடுக்க வேண்டியிருந்தது. மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டுகள் இரண்டும் அழுக்கில் சிக்கி அசையவில்லை; கழற்றித் துடைத்தேன். அவை உரசும் செப்பு வளையத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்துவிட்டு, பெல்ட்டில் இருந்த பாகைக் கத்தியால் சுரண்டினேன். விரலிடுக்கில் எறும்புத் தலைகள் ஒட்டிக்கொண்டன. பெல்ட்டைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கித் தைத்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அவ்வளவுதான். சாயங்காலம் மோட்டார் ஓடியது. ரம்பமும் நிற்காமல் அறுத்தது.

கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, தெருவில் அவன் யாரிடமோ சொல்வது கேட்டது. "பெரிய ரிப்பேருண்ணே. மாமாவும் நானும் பிரிச்சிப் போட்டுச் சரி பண்ணோம்."

அந்த வார்த்தை எனக்கு எலியைவிட நாறியது.

இரவு மீன் குழம்பு. என்னால் வாயருகே கொண்டுபோக முடியவில்லை. "மாமா துண்ணலியா?" என்று கேட்டு என் தட்டிலிருந்த மீன் துண்டையும் அவனே எடுத்துக்கொண்டான். முள்ளை உறிஞ்சி உறிஞ்சித் தின்றான். எழுந்து போய்விட்டேன்.

"சின்னப் பையன், ஏதோ ஒத்தாசை பண்ணணும்னு செஞ்சான்," என்றாள் மனைவி. அவனுக்கு இருபத்தைந்து வயது.

மறுநாள் கொட்டகைக்குப் பூட்டு போட்டேன். அவளுக்கு வருத்தம், சில நாள் பேசவில்லை. அவன் சென்னீர்குப்பத்தில் இருந்த மூத்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். நான் தடுக்கவில்லை.

மோட்டார் சூடேறும்போதெல்லாம் அந்த வாடை கிளம்பியது. மழைக்காலம் முழுக்கத் துண்டு கட்டிக்கொண்டுதான் பலகை அறுத்தேன். பிறகு வாடை போய்விட்டதோ, எனக்குத்தான் பழகிவிட்டதோ, தெரியவில்லை.