கயிற்றால் அளந்த எஞ்சின்

எழுபதுகளின் நடுப்பகுதியில், செங்கல்பட்டில் ஓர் அரிசி ஆலையின் பின்கொட்டகையில் நான் மெக்கானிக்காக இருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எஞ்சினைப் பற்றி நான் அறிந்தவற்றில் பாதி என் கைகள் கற்றவை. மீதி, பட்டணத்து நடைபாதையில் வாங்கிய அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றிலிருந்து, அகராதியை வைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகள் எழுத்துக்கூட்டிப் படித்தவை. சான்றிதழ் ஏதும் என்னிடம் கிடையாது. தொழிலில் நல்ல பெயர் ஒன்றுதான் இருந்தது. அதையும் ஒரு காலையில் ஆலை முதலாளி, மூட்டை தூக்கும் ஆட்கள் அத்தனை பேரும் பார்த்திருக்க, கன்னத்தில் அறைந்து பறிக்கப் பார்த்தார்.

காரணம் அவருடைய கார். கப்பலில் வந்த அமெரிக்க வண்டி. இரண்டே கதவுகள், எட்டு சிலிண்டர், கிளப்பினால் கொட்டகையின் ஓடுகள் அதிரும். பட்டணத்துக்கு வடக்கே பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயத்தில் அது மூன்றாவதாக வந்தது. நம் ஊர்ப் பெட்ரோலுக்கு அந்த எஞ்சின் உள்ளே சுத்தியலால் அடிப்பது போலத் தட்டும். ஆகவே தீப்பொறி விழும் நேரத்தை, டைமிங் என்போமே, அதை நான் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தேன். அதனால்தான் வண்டி தோற்றது என்று யாரோ அவருக்கு ஓதியிருந்தார்கள்.

"ஆறாங்கிளாஸ் படிச்சவன் கையில அமெரிக்காக்காரன் வண்டியக் குடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றவர், அடித்தது என்னை.

காது இரைந்தது. திருப்பி அடிக்க என் கையில் ஸ்பானர் இருந்தது. அதை நான் உணர்ந்தேன், அவரும் உணர்ந்தார். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "எஞ்சினைக் கழற்றி அளந்து காட்டுறேன் முதலாளி. எடை முள்ளு இருநூத்தி நாப்பதைத் தொடலைன்னா, இந்தத் தொழிலையே விட்டுட்டுப் போயிடறேன்."

இருநூற்று நாற்பது கிலோ என்பது, குறையில்லாமல் ஓடும் அந்த எஞ்சின் காட்ட வேண்டிய பலத்துக்குப் புத்தகத்தின் துணைகொண்டு நானே போட்ட கணக்கு. அளக்கும் முறையும் அதிலேயே படத்தோடு இருந்தது. எஞ்சின் சுழற்றும் இரும்பு உருளையின் மேல் ஒரு கயிற்றைச் சுற்ற வேண்டும். கயிற்றின் ஒரு முனை எடைத் தராசின் கொக்கியில். மறுமுனையை இழுத்துப் பிடித்தால் கயிறு உருளையை இறுக்கும். எஞ்சின் கயிற்றைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். எவ்வளவு கிலோ வலிமையோடு பிய்க்கிறது என்பதைத் தராசின் முள் காட்டிவிடும். மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு ஆலையிலேயே இருந்தது. பழைய பெல்ட் உருளை ஒன்றும் கிடைத்தது. மறுமுனையைப் பிடிப்பதற்குத்தான் தேர்ந்த ஓர் ஆள் தேவைப்பட்டான்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். கரைவலை இழுப்பவன். மீன் நிறைந்த வலையை அலை திரும்பக் கடலுக்குள் இழுக்கும்போது, மணலில் ஊன்றிய கட்டையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இருபது பேர் இழுத்த கனத்தை ஒற்றை ஆளாக நிறுத்திவிடுவான். கயிற்றை எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு விடுவது என்பது அவன் உள்ளங்கைக்குத் தெரியும்.

"இன்னா அண்ணாத்த, கன்னம் வீங்கிக்கீது? கொளவி கொட்டிச்சா?"

"முதலாளி கொட்டினார்."

"கையிலயா, செருப்புலயா?"

"கையில."

"அப்ப மரியாதயாத்தான் அட்ச்சிகீறாரு. வா, கயிறு எட்த்துகினு போலாம்."

எஞ்சினைத் தண்டவாளக் கட்டைகளின் மேல் போல்ட் வைத்து இறுக்கினேன். முதல் இரண்டு நாட்கள் தேங்காய்நார்க் கயிற்றால் அளந்தோம். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. எட்டுப் புகைக்குழாய்களும் சைலன்சர் இல்லாமல் நெருப்பைக் கக்கும். நெஞ்செலும்பு தனியே துடிக்கும். ஆலையில் குருவிகள் கூட்டை விட்டுப் போய்விட்டன. சூடு தணிய உருளைக்குள் ஊற்றும் தண்ணீர் நொடியில் கொதித்து ஆவியாகி முகத்தில் அடிக்கும். கயிறு கருகி, தேங்காய் மட்டை எரிந்த வாடை கொட்டகை முழுதும் நிற்கும். ஒவ்வோர் ஓட்டமும் அரை நிமிடம்தான். நிறுத்தி, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றி, டைமிங்கை மயிரிழை நகர்த்தி, மறுபடி கிளப்புவோம். முள் இருநூற்று ஐந்தில் நின்றது. பிறகு இருநூற்றுப் பதினெட்டு. பிறகு இருநூற்று இருபத்தாறு.

இரண்டாம் நாள் மாலை கயிறு அறுந்து, அதன் நுனி என் தோளிலிருந்து முதுகு வரை சாட்டையாக இறங்கியது. சட்டையோடு தோலும் போயிற்று. முதலாளி சிரித்தார். "கயிறே உன்ன அடிக்குது பாரு. நாளைக்குக் காலையில கடைசி. அப்புறம் மூட்டையக் கட்டிக்க."

மறுநாள் காலை சிநேகிதன் தோளில் வெள்ளைக் கயிற்றுச் சுருள் ஒன்றோடு வந்தான். நைலான். கடற்கரைக்கு அது புதிதாக வந்திருந்த காலம். உப்புத் தண்ணீரில் மக்காது, யானை இழுத்தாலும் அறாது என்று குப்பத்தில் அதைக் கோயில் தேர் போலப் பார்த்தார்கள்.

"இது அறுவாது அண்ணாத்த. உன் எஞ்சினு அறுந்தாத்தான் உண்டு."

நானும் மகிழ்ந்தேன். நார்க் கயிறு கருகும். நைலான் சூட்டில் உருகும். இந்த வேறுபாட்டை நாங்கள் இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை. கடலில் எந்தக் கயிறும் சூடாவதில்லை; என் புத்தகத்தில் நைலான் என்ற சொல்லே இல்லை.

எஞ்சினைக் கிளப்பி, ஒரு கையால் ஆக்ஸிலேட்டர் கம்பியை முழுதாக இழுத்தேன். மறு கை அணைக்கும் ஸ்விட்ச்சின் மேல். முதலாளி தராசின் பக்கத்திலேயே நின்றார். சிநேகிதன் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து கயிற்றை இறுக்கினான். முள் இருநூற்று இருபதைக் கடந்தது. மெழுகும் முடியும் சேர்ந்து எரிவது போன்ற ஒரு புது வாடை வந்தது. ஏதோ தவறு என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஸ்விட்ச்சைத் தட்டியிருக்க வேண்டும். ஆனால் முள் ஏறிக்கொண்டிருந்தது. இருநூற்று முப்பத்தைந்து. இருநூற்று நாற்பது. ஐம்பது. முதலாளியின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே, இன்னும் ஒரு கணம், இன்னும் ஒரு கணம் என்று நின்றேன். இருநூற்று எழுபது.

உருகிய கயிறு உருளையோடு ஒட்டிக்கொண்டது. தராசின் கொக்கி நிமிர்ந்து தெறித்தது. கண்ணாடி வட்டு உடைந்து முதலாளியின் புருவத்தைக் கிழித்தது. சிநேகிதன் பக்கத்தில் கயிறு திடீரென்று தளர்ந்தது. கரைவலையில் அலை கரைநோக்கி வரும்போது கயிறு இப்படித்தான் தளரும். தளர்ந்ததை உடனே கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அலை அதைத் திருப்பிக் கொண்டுபோய்விடும். சிறு வயது முதல் செய்த பழக்கம். வலது உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றினான். ஒட்டிய இடத்தோடு உருளை ஒரு சுற்று வந்து, அவன் கையிலிருந்த முனையையும் இழுத்தது.

அவன் அலறல் எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வாய் திறந்திருந்ததைத்தான் கண்டேன். ஸ்விட்ச்சை அடித்தேன். எஞ்சின் அணைந்தும் உருளை நிற்க நேரம் பிடித்தது. அவன் இடுப்பிலிருந்த வலைக்கத்தியை உருவிக் கயிற்றை அறுத்தபோது, உருளையின் மேல் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் சிவந்திருந்தது.

அரசு மருத்துவமனையில் அவனுடைய மூன்று விரல்களை எடுத்தார்கள். கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "முள்ளு எங்க நின்னுச்சி?"

"இருநூத்தி எழுபது" என்றேன்.

"அப்ப அவன் மூஞ்சில கரி" என்று சிரித்துவிட்டு மறுபடி மயங்கினான்.

அந்த எண் என்னைத் தூங்கவிடவில்லை. கயிறு ஒட்டிக்கொண்டு, சுழலும் இரும்பு அத்தனையையும் திடீரென்று பிடித்து நிறுத்தப் பார்த்த உதைப்பு அது. எஞ்சினின் வலிமையாக இருக்க முடியாது. பத்து நாள் கழித்து, ஆலை விடுமுறையன்று, தராசைச் சரிசெய்து, நார்க் கயிறு போட்டு நான் மட்டும் மறுபடி அளந்தேன். பிடிக்க ஆளில்லாததால் மறுமுனையில் மணல்மூட்டையைத் தொங்கவிட்டேன். மூன்று ஓட்டம். மூன்றிலும் முள் இருநூற்று இருபத்தெட்டில் நின்றது.

முதலாளியிடம் சொன்னேன். புருவத்தில் தையலோடு அவர் என்னை வெறித்தார். "இருநூத்தி எழுபதுன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்ப வந்து கொறைக்கிறியா? வாய மூடிக்கினு வேலையப் பாரு. இல்ல, மறுபடி வாங்குவ."

"இருநூத்தி இருபத்தெட்டுதான் முதலாளி" என்று, கூலியாட்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். மறுபடி வாங்கினேன். ஸ்பானர் பெட்டியை உருளையின் பக்கத்திலேயே வைத்துவிட்டு வெளியேறினேன்.

அன்றே குப்பத்துக்குப் போய்ச் சிநேகிதனிடமும் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, படகு நிழலில் உட்கார்ந்து கேட்டான். மணல்மூட்டையைக் கட்டி அளந்தேன் என்ற இடத்தில் தலையை நிமிர்த்தினான்.

"மூட்ட கட்டலாம்னு எப்பத் தெரியும் உனுக்கு?"

பொய் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. "புத்தகத்துப் படத்துலயே மூட்டைதான் இருந்தது. கை பிடிச்சா இன்னும் நுணுக்கமா வரும்னு..."

இடது கையால் அறைந்தான். முதலாளியின் அறையெல்லாம் அதன் முன் வெறும் காற்று. நான் மணலில் விழுந்தேன். வாயில் ரத்தமும் உப்பும் கலந்தன. எழுந்தபோது மறுபடி அறைந்தான். கரையில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். அவர்களை அவனே விலக்கினான்.

"மூட்டைக்குப் பதிலா என்னியக் கட்ட்னியாடா?" என்றான். அதுவரை அவன் என்னை டா போட்டுப் பேசியதில்லை. பிறகு கடலைப் பார்த்தபடி சொன்னான்: "நாளைக்குக் கட்டைல கயிறு புடிக்க ஆளு இல்ல. உனுக்குப் பத்து வெரலு கீது. வந்து புடி."

மறுநாள் போனேன். அந்தப் பருவம் முழுவதும் போனேன். முதல் நாள் அலை ஒன்று கரைக்கு ஏறி வர, கயிறு என் கையில் சட்டென்று தளர்ந்தது. என்னையறியாமல் என் வலது கை அதை உள்ளங்கையில் சுற்றப் போயிற்று. பின்னாலிருந்து அவன் கால் வந்து என் மணிக்கட்டில் விழுந்தது.

"கட்டைல சுத்துடா, கையில சுத்தாத!" என்று கத்தினான்.